லோரியும் விமானமும் கப்பலும் பேசிக்கொள்ள நான் பட்ட பாடு

பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: ஊரில் எது ஓடாவிட்டாலும், எது எரியாவிட்டாலும், எது பேசாவிட்டாலும் பழி போட ஆள் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை, நேரே என் கடைக்கு வந்துவிடலாம்.

கடை மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் துடைத்தேன், ரயில்வே பட்டறையில் ஃபோர்மனிடம் உதை வாங்கினேன், ஒரு நாள் திருப்பி உதைத்தேன், அதனால் சொந்தக் கடை வைக்க வேண்டியதாயிற்று. கையெல்லாம் திராவகம் பட்ட தழும்பு. வாயும் கொஞ்சம் அப்படித்தான் என்பார்கள். கூடவே பட்டறையை விட்டு வந்தவன் மாரிமுத்து. என்னைவிட இரண்டு வயது இளையவன், பொறுமையில் என்னைவிட இருபது வயது மூத்தவன்.

கடை வாசலுக்கு மேலே ஒரு பலகை. ‘வேலாயுதம், பேட்டரி வேலை’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சீனத்திலும் எழுதியிருக்கும். என் பேரை எழுத நான் கற்றுக்கொண்டதே அந்தப் பலகை எழுதின பெயின்டரின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான். அந்தப் பலகைக்கு என் வாயாலேயே ஆபத்து வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் ஒரு கடை வைத்து, ஒரு துரைக்குச் சாமான் கொடுத்து, அவர் தப்புக்கு நீங்கள் திட்டு வாங்கினவராக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் சனி ஞாயிறுகளில் உடுப்பு மாட்டிக்கொண்டு பழகுகிற படை ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. அவர்களுக்கு ஒரு புது ஆசை பிறந்தது. லோரிக்குள் ஒரு கம்பியில்லாத் தந்திப் பெட்டி, விமானத்தில் ஒன்று, போர்க்கப்பலில் ஒன்று. விமானக்காரன் மேலிருந்து எதிரியைப் பார்த்து லோரிக்குச் சொல்வான். லோரி கப்பலுக்குச் சொல்லும். கப்பல் பீரங்கியைத் திருப்பும். பேச்சு என்றால் வாய்ப்பேச்சு இல்லை, கட்டு கடகட என்று விசையைத் தட்டுகிற தந்திப் பேச்சு. கப்பலுக்குச் சொந்த மின்சாரம் உண்டு. லோரிக்கும் விமானத்துக்கும் மின்சாரம் என் பேட்டரியில் இருந்துதான்.

இருபது நிமிஷம்

முதல் ஒத்திகையின்போது லோரி கிள்ளானில் ஆற்றங்கரையில் நின்றது. கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வெளியே கடலில். காலை ஒன்பது மணிக்குப் பேச்சு ஆரம்பம் என்று காகிதத்தில் எழுதி, படையின் கேப்டன் துரை கையெழுத்துப் போட்டு, கப்பலுக்கு ஒரு பிரதியும் அனுப்பியிருந்தார். லோரியில் விசை தட்டுபவர் சதாசிவம். தந்தி ஆபீஸில் வேலை, யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் அவசரமே கிடையாது, யாரையும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். சரியாக ஒன்பதுக்குத் தட்ட ஆரம்பித்தார். கப்பலிடமிருந்து மூச்சில்லை. பதினைந்து நிமிஷம் தட்டினார். கேப்டன் துரை பெட்டியை மூடச் சொல்லிவிட்டு, “பேட்டரி செத்துப் போச்சு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் திராவகத்தின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினேன். மிதவை நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. துரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கப்பல் மறுபடி துறைமுகத்துக்கு வந்ததும் சதாசிவத்தைக் கெஞ்சி, சம்பான் படகில் ஏற்றி, விசாரிக்க அனுப்பினேன். விஷயம் இதுதான்: கப்பலும் ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் கப்பல் கடலில் வைத்துக்கொள்ளும் கடிகாரம் எங்கள் ஊர்க் கடிகாரத்தைவிட இருபது நிமிஷம் பின்னால். அவர்கள் கூப்பிட ஆரம்பித்தபோது நாங்கள் பெட்டியை மூடிவிட்டுக் கடைத்தெருவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். “அப்போ நேரே போய்த் துரைகிட்ட சொல்லுங்கய்யா” என்று குதித்தேன். சதாசிவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொல்லலாம். ஆனால் காகிதத்தில கையெழுத்து வச்சது அவர். மணி பிழை எண்டு ஆருக்குச் சொல்லுறது, ஐசே? பேட்டரி பிழை எண்டால் எல்லாருக்கும் சுகம்.”

பலகையின் நீளம்

கேப்டன் துரை தோட்டத்து மானேஜர். பத்துப் பதினைந்து வருஷம் கூலிகளை மேய்த்து நன்றாகத் தமிழ் பேசுவார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ்; அதில் ‘நீங்கள்’ என்ற சொல்லே கிடையாது. ஒரு திங்கட்கிழமை கடை வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: “உன் பேட்டரி சரியில்லே. இனிமே ஆ சோங் கிட்டே வாங்கப் போறேன்.”

ஆ சோங் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கும் சீனர். என் போட்டிக்காரர். நல்ல மனிதர்தான், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வரும். முதலில் பேரம் பேசினேன். கூட இரண்டு பேட்டரி சும்மா ஏற்றித் தருகிறேன் என்றேன், லோரியோடு நானே வந்து நிற்கிறேன் என்றேன். துரை காரை முடுக்கப் போனார். அப்போதுதான் வாயை விட்டேன். இருபது நிமிஷக் கணக்கை நடுத் தெருவில் நின்று சொன்னேன். துரைக்குக் காது வரைக்கும் சிவந்தது. எனக்கும் சிவந்திருக்கும், என் நிறத்தில் தெரியாது. “அடுத்த ஒத்திகையில லோரி பேசலேன்னா, இந்தப் பலகையை நானே கழட்டி உங்க கையில கொடுத்துட்டுக் கடையைச் சாத்திடறேன் துரை!” என்றேன். உள்ளே மாரிமுத்து கையிலிருந்த புனலைக் கீழே போட்டது கேட்டது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் பேரத்தில் ஒரு தரம் வாயால் சொன்னதைத் திருப்பி வாங்கியவன் அப்புறம் இந்த ஊரில் யாரிடமும் பேரம் பேச முடியாது. துரை காரிலிருந்து இறங்கினார். பிரம்பை உயர்த்திப் பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் காற்றில் அளந்தார்.

“எத்தனை அடி இருக்கும்? நீ முன்னமே சொல்லு, லோரியிலே எடம் விடணும்.”

விமானம் ஏற்கும் பாரம்

இரண்டாவது ஒத்திகைக்கான காகிதத்தில் ஊர் மணி ஒன்று, கப்பல் மணி ஒன்று என இரண்டும் எழுதியிருந்தன. கீழே துரையின் கையெழுத்து. இந்தத் தடவை விமானமும் உண்டு. சுங்கை பீசி விமானத் திடலுக்குப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நானும் மாரிமுத்துவும் போனோம். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், துணியும் குச்சியும் சேர்த்துக் கட்டின காற்றாடி மாதிரி இருந்தது. முன் சீட்டில் ஓட்டுகிறவர். பின் சீட்டில் விசை தட்டுகிறவர், ஆள் நல்ல தடிமன். பேட்டரியை ஒரு கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனத்தோடு விமானம் எழும்பாது, பாதியாகக் குறை என்று மலாயில் சொன்னார்.

பேட்டரியைப் பாதியாக்கினால் பேச்சும் பாதி தூரத்தில் நின்றுவிடும் என்றேன். அவர் முக்கால் என்றார். நான் முழுசு என்றேன். பாசாரில் மீன் வாங்குகிற மாதிரி அரை மணி நேரம் போயிற்று. கொட்டகை மூலையில் சாமான் நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. நான் மாரிமுத்துவைப் பார்த்தேன். மாரிமுத்து வேண்டாம் என்று தலையாட்டினான். “துவான்” என்று மலாய் மரியாதையோடு ஆரம்பித்து, “முதலில் பேட்டரியை நிறுக்கலாம், அப்புறம் உங்களை நிறுக்கலாம், எதில் குறைக்கலாம் என்று பார்க்கலாம்” என்றேன். ஓட்டுகிற துரை விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தடித்தவர் சிரிக்கவில்லை, ஆனால் ஏறி நின்றார். தராசு முள் சுற்றின சுற்றை அவரே குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

“சரி. ஒத்திகையன்றைக்குக் காலையில் நான் முட்டை சாப்பிடாமல் வருகிறேன். பேட்டரி அப்படியே இருக்கட்டும்.”

லோரிக்குச் சந்தனம்

ஒத்திகைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. துரைமார் தேதி குறிக்கும்போது யாரிடம் கேட்டார்கள்? லோரி இரண்டு நாள் முன்னாலேயே என் கடைக்கு வந்துவிட்டது, பேட்டரி மாட்டி, பெட்டியைப் பொருத்திச் சரிபார்ப்பதற்கு. பொருத்தின வேலை முடிந்தது. சரிபார்க்கிற வேலை பாக்கி. பூஜையன்று காலையில் சதாசிவம் வந்து, ஒரு தரம் தட்டிப் பார்ப்போம் என்றார். நான் விடவில்லை. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. ஸ்பானர் முதல் புனல் வரை எல்லாம் ஓய்வு. சதாசிவமும் சைவர், அவர் என்ன சொல்வார்? “நல்லது, நாளைக்கு லோரி நிக்கிற குன்றில வச்சுப் பார்ப்பம்” என்று கற்பூரம் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் பூஜையை நான் கொஞ்சம் பலமாகவே செய்தேன். பலகை போகுமா நிற்குமா என்று இருக்கிறவன் வேறென்ன செய்வான்? வரிசையாகப் பேட்டரிகளுக்குப் பொட்டு. லோரிக்கு முன்னால் வாழைக் கன்று இரண்டு, மூஞ்சிக்கு மாலை, சக்கரங்களுக்கு எலுமிச்சம் பழம். அப்புறம் ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினேன். தந்திப் பெட்டியிலிருந்து வரும் கம்பி, கூரையில் ஒரு பீங்கான் கிண்ணத்தின் வழியாக வெளியே வந்து, லோரியில் நட்ட மூங்கில் கம்பத்தின் உச்சிவரை ஏறும். பேச்சு வெளியே போகிற வாசலே அதுதான். வாசலுக்குப் பூசாமல் வேறெதற்குப் பூசுவது? வெள்ளைப் பீங்கானில் மூன்று விரலால் திருநீறு இழுத்து, அதன் மேல் அடிமுதல் நுனிவரை கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கீழே நின்ற மாரிமுத்து, “அண்ணே, பீங்கான்ல கை படக் கூடாதுன்னு ஆபரேட்டர் ஐயா சொன்னாருண்ணே” என்றான். “கைதானேடா படக் கூடாது? இது சாமி சந்தனம். நீ ஏணியைப் பிடி” என்றேன்.

சாயங்காலம் கேப்டன் துரை அந்தப் பக்கம் வந்தார். தோட்டத்து எஞ்சினுக்கு வருஷா வருஷம் இந்தப் பூஜை நடப்பதைப் பார்த்தவர், அதனால் கோபப்படவில்லை. கூரைக்கு மேலே அவர் கண் எட்டவில்லை. மாலையையும் வாழைக் கன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“என் லோரியைக் கட்டிக் குடுத்துட்டியா? மாப்பிள்ளை யாரு?”

கேட்கிறது, பேச முடியவில்லை

ஜெஞ்சாரோம் தாண்டி, கடலைப் பார்த்த ஒரு குன்று. ராத்திரி பெய்த தூறல் விடிந்தும் விடவில்லை. மாலையையும் வாழைக் கன்றையும் எடுத்துவிட்டு வந்திருந்தோம். வைத்த பொட்டை அழிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது, அது தானாகத்தான் உதிர வேண்டும். லோரியின் பின்பக்கத்தில் ஆ சோங் உட்கார்ந்திருந்தார், தன் பேட்டரிகள் இருந்த பெட்டி மேலேயே. என் பேட்டரி செத்தால் உடனே மாட்டுவதற்காகத் துரை கூட்டி வந்திருந்தார். எனக்குப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆ சோங் எனக்கு ஒரு சுருட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன், சுருட்டு என்ன பாவம் செய்தது?

மணி ஆயிற்று. சதாசிவம் காதில் கேட்புக் கருவியை மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. “கப்பல் கூப்பிடுறான்! நல்ல துலக்கமாய்க் கேக்குது.” கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே விமானமும் வந்தது, அதுவும் கேட்டது. சதாசிவம் தட்டினார். மறுபடி தட்டினார். முகம் சுருங்கியது.

“என்னய்யா சொல்றான் கப்பல்காரன்?” என்றேன்.

“‘லோரி, லோரி, இருக்கிறியோ?’ எண்டு கேக்கிறான்.”

“இருக்கோம்னு சொல்லுங்களேன்!”

“சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்.”

“விமானம்?”

“அவனும் அதைத்தான் கேக்கிறான். கொஞ்சம் கெட்ட வார்த்தையோட.”

உங்களில் யாராவது இந்த நிலைமையில் இருந்திருக்கிறீர்களா? கடலிலிருந்து ஒருத்தன் திட்டுகிறான், ஆகாயத்திலிருந்து ஒருத்தன் திட்டுகிறான், எல்லாம் காதில் துல்லியமாக விழுகிறது, திருப்பித் திட்ட மட்டும் வழியில்லை. பக்கத்தில் அகப்பட்டவன் மாரிமுத்து. திருகாணியைச் சரியாகப் போட்டாயா, கம்பியைச் சுரண்டினாயா, திராவகத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாயா என்று அவனைப் பிடித்துக் கிழித்தேன். அவன் ஒவ்வொரு திருகாணியாக மறுபடி இறுக்கினான். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆ சோங்கைப் பார்த்துத் தலையசைத்தார். என் பேட்டரிகள் இறங்கின. ஆ சோங்கின் பேட்டரிகள் ஏறின. நான் மரத்தடியில் திரும்பி நின்றுகொண்டேன். என் பேர் எழுதின பலகை லோரியில் படுத்துக்கொண்டு போவது மாதிரி கண்ணுக்குள் ஓடியது.

சதாசிவம் தட்டினார். கப்பல் அதையேதான் கேட்டது: இருக்கிறாயா? நான் சந்தோஷம் தாங்காமல் கையைத் தட்டிவிட்டேன். துரை திரும்பி முறைத்தார். லோரி பேசாவிட்டால் போகப் போவது என் பலகைதான் என்பது அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது. ஆ சோங்குக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. சுருட்டுச் சாம்பலைத் தட்டினார், என்னை மலாயில் ‘முதலாளி’ என்று கூப்பிட்டார்.

“சாமா ஜுகா, தவுக்கே. உன் பேட்டரி, என் பேட்டரி, ரெண்டும் ஒண்ணுதான் லா.”

கோயில் வாசனை

சதாசிவம் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். தூறல் சத்தமும் விசைச் சத்தமும்தான். விமானத்துக்குப் பெட்ரோல் அளவாகத்தான் உண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். திடீரென்று கேப்டன் துரை மூக்கை உறிஞ்சினார். “இங்கே எவன் சாமி கும்பிடுறான்?” என்றார். யாரும் கும்பிடவில்லை. ஆனால் வாசனை வந்தது. சதாசிவம் விசையை நிறுத்தினார், வாசனை நின்றது. தட்டினார், வந்தது. விசையிலிருந்து கையை மெதுவாக எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஐசே, சந்தனம் கருகிற மணம். கூரையில என்ன வச்சிருக்கிறியள்?”

கூரை மேல் ஏறினேன். தூறலில் ஊறிச் சந்தனமும் குங்குமமும் திருநீறும் குழம்பாகிப் பீங்கான் முழுக்க வழிந்து, கீழே தகரக் கூரை வரைக்கும் ஒரே சேறு. ஓரத்தில் ஒரு இடம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மூங்கிலுக்கு ஏற வேண்டிய மின்சாரமெல்லாம் அந்த ஈரச் சந்தனத்தின் வழியாக லோரியின் தகரத்தில் இறங்கிச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. கப்பலுக்கு எங்கே போய்ச் சேரும்? தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். ஈரம் போகவில்லை. சட்டையைக் கழற்றி அதால் துடைத்தேன். சட்டைக்குள் இருந்ததால் அது ஒன்றுதான் உலர்ந்திருந்தது என்று பனியனையும் கழற்றிப் பீங்கானைப் பளிச்சென்று ஆக்கினேன். துண்டை மட்டும் அதன் மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வெறும் உடம்போடு நின்றேன். கீழே சதாசிவம் தட்டுவது கேட்டது. பிறகு அவர் குரல், அவசரமே தெரியாத அந்த மனிதர் கத்தின குரல்: “கேட்டுதாம்! கப்பலுக்குக் கேட்டுதாம்!” விமானம் தாழ வந்து இறக்கையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டிவிட்டுப் போயிற்று. விமானம் சொன்னது லோரிக்கு, லோரி சொன்னது கப்பலுக்கு. நாற்பது நிமிஷம் தாமதம்.

இறங்கினேன். துரை சட்டையில்லாத என்னையும் என் கையிலிருந்த மஞ்சள் சேற்றையும் பார்த்தார். “இதை வச்சது எவன்?” என்றார். நான் வாயைத் திறக்குமுன்னே மாரிமுத்து ஒரு அடி முன்னால் வந்து, “நான்தான் துரை” என்றான். காலையிலிருந்து நான் திட்டின திட்டெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாதவன். வேண்டாம் என்று முந்தின நாளே சொன்னவன். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அந்த மாதிரி கோபம் ஃபோர்மன் மேல்கூட வந்ததில்லை. குன்றே அதிரும்படி கத்தினேன்.

“டேய், ஏணி பிடிச்சவன் நீ, பூசினவன் நான்! நான் பண்ணின தப்புக்கு நீ எப்படிடா பேர் வாங்கலாம்?”

ஏணி

துரை அன்றைக்கு அதோடு கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் நான் ஏணியைப் பலகைக்கு நேரே சாத்தினேன். “பேசிடுச்சேண்ணே” என்றான் மாரிமுத்து. நாற்பது நிமிஷம் பேசவில்லையே என்றேன். “பேட்டரியால இல்லையே.” லோரி பேசாவிட்டால் என்றுதான் சொன்னேன், பேட்டரி செத்தால் என்று சொல்லவில்லை, பேரம் பேசுகிறவன் தன் வார்த்தையைத் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். மாரிமுத்து வழக்கம்போல ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கீழிருந்து கேட்டது. எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் இடது பக்க ஆணியைக் கழற்றவே வெகு நேரம் ஆயிற்று.

வலது பக்கத்துக்குச் சுத்தியலைக் கொண்டு போகும்போது கார் வந்து நின்றது. கேப்டன் துரை இறங்கி ஏணியடியில் வந்தார். பலகை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போக இடம் அளக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “துரை, ஆறடி இருக்கும்” என்றேன். அவர் பையிலிருந்து ஒரு பஞ்சாங்கக் காலண்டரை எடுத்தார், தோட்டத்துக் கங்காணி வீட்டுச் சுவரில் இருந்து பிடுங்கி வந்தது போல் இருந்தது. பென்சிலும் எடுத்தார். இரண்டையும் மேலே என் கைக்கு எட்டும்படி நீட்டினார்.

“மணியைத் தப்பா எழுதினது நானு. சந்தனத்தைத் தப்பா வச்சது நீ. கணக்கு சரியாப் போச்சு. இனிமே உன் பூஜை எல்லாம் என்னென்னைக்குன்னு இதுலே கோடு போட்டுக் குடு, நான் அதுக்கு முந்தின நாளே ஒத்திகை வச்சுக்கறேன்.”

அந்த இடது பக்க ஆணியை நான் மறுபடி அடிக்கவே இல்லை. ஆயுத பூஜையன்று கடையில் எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்துவிட்டு லோரியின் பீங்கான் கிண்ணத்துக்கு வரும்போது, நிமிர்ந்து அந்தக் கோணல் பலகையை ஒரு தரம் பார்த்தால் போதும், சந்தனக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.